அம்மாவுக்கு வந்தது சாமி அல்ல

என் அம்மாவின் கழுத்தை யாரோ நெரிப்பதைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். நெரிக்கிறவனின் கை மட்டும் கண்ணில் படாது. மற்றதெல்லாம் படும். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறும். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழும். வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். உட்காரச் சொன்னால் முறைப்பாள். தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுவாள். நெஞ்சுக்குள்ளிருந்து வரும் விசில் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். இதற்கு 'இழுப்பு' என்று இத்தனை சாதுவான ஒரு பெயரை வைத்தவர் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அது இழுப்பு அல்ல, அடிதடி.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கம், தெமோதரைக்கு மேலே இருந்தது. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே செத்துப்போனார். அம்மா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள், பிறகு தேயிலைத் தொழிற்சாலையான பெக்டரியில் தூள் சலிக்கும் அறைக்கு வேலை மாறினாள். லயத்துப் பெண்களுக்கெல்லாம் பொறாமை. மழையில்லை, அட்டைக்கடியில்லை, கூடை சுமந்து மலையேற வேண்டியதில்லை. கூரைக்குக் கீழே நின்று வேலை செய்வது என்ன லேசுப்பட்ட அதிர்ஷ்டமா. அந்த அறைக்குள் சல்லடை ஆட ஆடப் பழுப்பு நிறத்தில் பஞ்சு போல ஒரு தூசி பறந்துகொண்டே இருக்கும். மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வரும்போது கண்ணிமை மயிரில்கூட அந்தத் தூசி ஒட்டியிருக்கும். முதல் இரண்டு வருடம் வெறும் தும்மல். மூன்றாவது வருடம் நெஞ்சுக்குள் அடிதடி ஆரம்பித்தது.

அம்மாவுக்கு ஒரே அண்ணன், என் மாமா. திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவர், மற்ற நாளில் மலையில் தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். கை இரும்பு. தங்கச்சி என்றால் உயிர். அந்த உயிரான தங்கச்சிக்கு அவர் செய்த வைத்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் வௌவாலைப் பிடித்து அடித்து, சமைத்துக் கொடுத்தார். கேட்கவில்லை. காட்டு ஓரத்தில் கருங்குரங்கொன்றைத் தடியால் அடித்து வீழ்த்தி, உயிர் போகுமுன்னே கழுத்தை அறுத்து, சூட்டோடு ரத்தத்தைச் சிரட்டையில் பிடித்து வந்தார். அது பெட்டைக் குரங்கு. குட்டி அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொங்கியதை நான் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்த ரத்தத்தைக் குடித்தாள். அதற்கும் கேட்கவில்லை என்றதும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அம்மாவின் நெஞ்சுக்குழிக்கு மேலே சூடு வைத்தார். அம்மா அலறவில்லை. அலற மூச்சு வேண்டுமே. மாமாதான் அழுதார். 'உள்ளுக்கு இருக்குறவன் இதுக்காவது பயப்படுவான்' என்று சொல்லிக்கொண்டே ஆணியைத் தூக்கிப் போட்டார்.

உள்ளுக்கு இருக்கிறவன் எதற்கும் பயப்படவில்லை. கடைசியில் ஒரு மழைக்காலத்தில், முகம் கறுத்து வாயில் நுரை தள்ளிய நிலையில், அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டோம். போட்டது போட்டபடி ஒரு மாதம். அங்கேதான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைகளை, எங்கள் பேச்சில் குளிசைகளை, கொடுத்தார்கள். தொடர்ந்து போட வேண்டும், தீர்ந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவரை டாக்டரய்யா என்போம். அவர் குளிசையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்: 'சோறு தின்னுட்டுத்தான் போடணும். வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துபோகும், தெரிஞ்சுக்க.'

அம்மாவுக்கு மூச்சு வந்தது. முழு மூச்சு. வாசல் நிலையைப் பிடிக்காமல், பேச்சை நடுவில் நிறுத்தாமல் பேசினாள். கூடவே வேறு சிலதும் வந்தன. முகம் பௌர்ணமி நிலாவாக உப்பியது. பசி வந்தது, பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் கூட்டுறவுச் சங்கக்கடையில் வரிசை நின்று வெறுங்கையோடு திரும்பிய அந்தக் காலத்தில், ஒருத்திக்கு மட்டும் மூன்று பேரின் பசி. அதோடு கோபம். என் அம்மா யாரையும் 'சீ' என்றுகூடச் சொல்லாதவள். குளிசை தொடங்கிய பிறகு சட்டியைத் தூக்கி எறிந்தாள். பக்கத்துக் காம்பராக்காரியின் குடுமியைப் பிடித்து ஆட்டினாள். கலியாண வயதில் இருந்த என்னை, சோறு குழைந்துவிட்டது என்று அகப்பையால் அடித்தாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை, அகப்பையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். இருந்தும் சொல்கிறேன், அந்த ஒரு வருடத்தைப் போல சந்தோஷமான வருடம் எங்களுக்கு வாய்க்கவில்லை. சண்டை போட எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு இருந்தது.

வினை அந்த மூச்சிலேயே வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்: மூச்சைத் திருப்பிக் கொடு தாயே, உன் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன். மூச்சு திரும்பி வந்தது. ஆகவே கொடுத்தவள் மாரி. குளிசை என்பது மாரி அனுப்பிய கூலியாள், அவ்வளவுதான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. மஞ்சள் தோய்த்த நூலில் மஞ்சள் துண்டொன்றைக் கோத்துப் பூசாரி அம்மாவின் மணிக்கட்டில் கட்டினார். கட்டியவர்கள் திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டி வெளியே தங்கக்கூடாது. செத்த வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடாது. விரதம் இருக்க வேண்டும். அம்மா சோற்றை விட்டாள். பாலும் பழமும் மட்டும்.

சோற்றை விட்டதும் குளிசையையும் விட்டாள்.

இதை நான் கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆகிவிட்டன. முதலில் படியேறும்போது நின்றாள். பிறகு பேசும்போது நின்றாள். அதற்கு அடுத்த நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகப் புறப்பட்ட நான், அம்மா பழையபடி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். உள்ளே ஓடிப்போய்க் குளிசை வைக்கும் டின்னைத் திறந்தேன். டாக்டரய்யா கொடுத்த குளிசைகள் மடித்த காகிதத்தில் மடித்தபடியே இருந்தன.

'ஏம்மா போடல?'

'சோறு தின்னாத்தானே போடணும். வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு டாக்டரய்யா சொல்லியிருக்காருல்ல. கேட்டுக்கிட்டுத்தானே நின்ன நீயும்.'

சாமி சொன்னதையும் கேட்டாள், டாக்டரய்யா சொன்னதையும் கேட்டாள். இரண்டு பேருக்கும் கீழ்ப்படிந்த ஒரு பெண்ணை அந்தக் கீழ்ப்படிதலே கொல்லப் பார்த்தது. நான் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டாக்டரய்யா தலையில் கை வைத்துக்கொண்டார். 'பாலோட போடச் சொல்லு புள்ள. உடனே போடச் சொல்லு' என்றார். திரும்பி ஓடி வந்து சொன்னேன். அம்மா அசையவில்லை.

'பால் சாப்பாடா? சாமிக்கு வெச்சுப் படைச்ச பாலு. அதுல மருந்தைக் கலக்கச் சொல்றியா?'

கெஞ்சினேன். திட்டினேன். குளிசையை இடித்து வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். அந்தக் குளிசையின் கசப்பு வேப்பங்காயைத் தோற்கடிக்கும். என் முகத்திலேயே துப்பினாள். கடைசியில் அம்மாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துத் தாடையை அழுத்தி வாயைத் திறக்கப் பார்த்தேன். என் விரலைக் கடித்தாள். எலும்பு தெரியும் அளவுக்குக் கடித்தாள். மாமா வந்து எங்களைப் பிரித்தார். 'காப்புக் கட்டுனவ மேல கை வைக்கிறியா நாயே' என்று என் முதுகில் ஒன்று போட்டார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனேன். போகாவிட்டால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் வயிற்றில் ஈரத்துணிதான்.

தேர்த் திருவிழா அன்று காலையில் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் கரகம் ஜோடித்துப் பாலித்துக் கூட்டம் கோயிலை நோக்கி மேலே ஏறத் தொடங்கியது. அம்மா கையில் தீச்சட்டி. வேப்பிலைக் கொத்துக்கு மேல் சட்டி, சட்டிக்குள் விறகுத் துண்டுகள், அதன் மேல் சாம்பிராணி. புகை நேரே அவள் முகத்துக்கு. நான் பின்னால் குடத்தோடு நடந்தேன். மாமாவின் தப்பு காதைக் கிழித்தது. பெக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் அம்மா நின்றாள்.

தோள்கள் ஏறின. தலை பின்னால் சாய்ந்தது. கண்கள் பிதுங்கின. வாயோரம் எச்சில் வழிந்தது. உடம்பு முழுவதும் விம்மி விம்மி ஆடியது. பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போன அந்தக் காட்சியைக் கூட்டம் வேறு மாதிரிப் பார்த்தது.

'ஆத்தா எறங்கிட்டா' என்றாள் ஒருத்தி.

அவ்வளவுதான். பெண்கள் குலவையிட்டார்கள். மாமா தப்பை இன்னும் வேகமாக அடித்தார். சொந்தத் தங்கச்சி மேல் சாமி வந்திருக்கிறது, அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. தீச்சட்டி அம்மாவின் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. நெருப்புத் துண்டொன்று என் புறங்காலில் ஒட்டிக்கொண்டது. பூசாரி சாம்பிராணித் தட்டை அம்மாவின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

'யாரு வந்திருக்கது? வாயத் தொறந்து சொல்லு தாயி.'

அம்மா வாயைத் திறந்துதான் வைத்திருந்தாள். சொல்லத்தான் மூச்சில்லை.

'ஆத்தாவோட வாயை எவனோ கட்டியிருக்கான்' என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். வாய்க்கட்டு அவிழச் சாட்டையடி. அதுதான் வழக்கம். சாமி வந்தவர்களுக்கு அது வலிக்காது என்பது நம்பிக்கை. அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து நீட்டினார்கள். சாட்டை சுழன்று விழுந்தது. முழங்கைக்குக் கீழே தோல் கீறி ரத்தம் கசிந்தது. மறுபடி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அம்மாவின் நெஞ்சிலிருந்து விசில் வந்தது, உடனே பெண்கள் குலவையிட்டார்கள். நான் கத்தினேன், 'அது இழுப்பு, அது இழுப்பு' என்று. தப்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். கேட்ட ஒருத்தியும் என் வாயைப் பொத்தினாள், சாமி கோபித்துக்கொள்ளும் என்று.

பிறகு விசில் நின்றது.

'ஆத்தா சாந்தமாயிட்டா' என்றார் பூசாரி. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கும் ஒரு நொடி, இழுப்பு விட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் அம்மாவின் உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்றவளின் உதடு. நகமெல்லாம் அதே நிறம்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். குடத்தைப் பூசாரியின் மேல் எறிந்தேன். சாம்பிராணித் தட்டை உதைத்தேன். மாமாவின் தப்பைப் பிடுங்கி ரோட்டோரக் கல்லில் அடித்தேன், தோல் கிழிந்தது. மாமா அறைந்த அறையில் நான் கீழே விழுந்தேன். அந்தக் காது எனக்கு இன்றைக்கும் மந்தம். யாரோ என் கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள், இன்னும் இரண்டு பேர் கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். விலாவில் யாரோ உதைத்தார்கள். கையில்லாவிட்டால் என்ன, வாய் இருந்தது. பிடித்தவர்களையும் இழுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, அம்மாவின் மணிக்கட்டில் இருந்த காப்பைப் பல்லால் கடித்து அறுத்தேன். மஞ்சளும் ரத்தமும் சாம்பலும் நாக்கில் பட்டன.

கூட்டம் உறைந்துபோனது. காப்பை அறுத்தவன் ரத்தம் கக்கிச் சாவான் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். இப்போது மாரி உறுமுவாள், துள்ளி எழுந்து இந்தச் சண்டாளியைக் கிழித்துப் போடுவாள் என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

அம்மா ஒன்றும் செய்யவில்லை. அறுந்த நூலைப் பார்க்கக்கூட இல்லை. கண் எங்கேயோ செருகியிருந்தது. பிடித்திருந்தவர்களின் கையிலிருந்து ஈரச் சாக்கு போலச் சரிந்தாள்.

முதலில் புரிந்துகொண்டவர் மாமாதான். சாமி இருந்திருந்தால் இதைப் பொறுத்துக்கொண்டிருக்காது. பொறுத்துக்கொண்டது என்றால் அங்கே சாமி இல்லை. அங்கே இருப்பது தங்கச்சி மட்டும்தான். அவர் குனிந்து அம்மாவின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு சத்தம் போட்டார், அந்த மாதிரிச் சத்தத்தை மனிதன் போட்டு நான் கேட்டதில்லை. வழியில் நின்ற பூசாரியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டு, அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு பெக்டரியை நோக்கி ஓடினார். தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறி அங்கே நின்றது. திருவிழா பார்க்க வந்திருந்த சிங்கள டிரைவர் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். பதுளை வரைக்கும் மாமா அம்மாவை முன் சீட்டில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, 'மூச்ச விடு, மூச்ச விடு' என்று அவள் முதுகில் அடித்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் வெறும் பெட்டிகளோடு உருண்டுகொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். இளம் வயது, கெட்ட கோபம். அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டவர் முகம் வெளுத்துப்போனது. தோலுக்குக் கீழே ஒரு ஊசி, நரம்பில் மெதுவாக ஏற்றிய இன்னொரு ஊசி, மூக்கில் ஒட்சிசன், கையில் சேலைன். எல்லாம் கொடுத்தும் அம்மா கறுத்தேதான் கிடந்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

'ஆர் குளிசையை நிப்பாட்டச் சொன்னது?'

'யாரும் சொல்லலீங்க. விரதம்.'

'நெஞ்சுக்குள்ள ஒரு சத்தமும் இல்லை. விசில் எப்ப நிண்டது?'

'சாட்டையடிக்கும்போது நின்னுச்சுங்க. அமைதியாயிட்டான்னு சொன்னாங்க.'

'காத்துப் போனாத்தானே விசில் அடிக்கும். காத்துப் போக வழி இல்லை, அதான் சத்தம் இல்லை. நீங்கள் கும்பிட்டுக்கொண்டு நிண்டிருக்கிறியள்.'

'நான் கும்பிடல' என்றேன். என் குரலில் இருந்த சூட்டைக் கேட்டு அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். வீங்கிய கன்னம், கிழிந்த ரவிக்கை, புறங்காலில் தீக்காயம், விரலில் கடி. அதற்குப் பிறகு என்னோடு அவர் சத்தமாகப் பேசவில்லை.

ஊசி போட்டும் ஏன் மூச்சு வரவில்லை என்று கேட்டேன். மூச்சுக் குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது, ஊசி அந்தத் தசையைத்தான் தளர்த்தும் என்றார். அம்மாவுக்குத் தசை இறுகியது மட்டும் அல்ல, குழாயின் உள்சுவரே வீங்கிப் புண்ணாகி, சளி கட்டி அடைத்துக் கிடக்கிறது. வீக்கத்தை வற்றச் செய்யும் மருந்து சேலைனில் போகிறது, அது வேலை செய்யப் பல மணி நேரம் எடுக்கும், அதுவரை அவள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றார். மாமாவும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். அம்மாவின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நின்றுவிடும் நின்றுவிடும் என்று பயந்து பயந்து, என் மூச்சும் அவளோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. வார்டு ஜன்னல் வெளுக்கும் நேரத்தில் அம்மாவின் நெஞ்சில் மறுபடியும் விசில் கேட்டது. ஜன்மத்துக்கும் நான் சபித்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் விழுந்து அழுதேன்.

அன்று மத்தியானம் அம்மா இருமி இருமி எதையோ துப்பினாள். வெள்ளையாக, ரப்பர் போல, கிளை விட்டுக் கிளை விட்டுப் போன ஒரு துண்டு. நாற்று மேட்டில் பிடுங்கிய தேயிலைக் கன்றின் வேர் மாதிரியே இருந்தது. அவ்வளவும் அம்மாவின் நெஞ்சுக்குள் குழாய் குழாயாக இறுகிக் கிடந்த சளி. டாக்டர் அதைச் சோதனைக்கு எடுத்துப் போகச் சொன்னார். சாயங்காலம் என்னையும் மாமாவையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, அந்தச் சளி தடவிய கண்ணாடித் துண்டைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் கீழே வைத்து எட்டிப் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமாக ஏதேதோ தெரிந்தது. சிலவற்றின் வயிறு முழுக்கச் சிவப்புப் பொடி, மைசூர்ப் பருப்பை வாய் நிறைய அடைத்துக்கொண்ட மாதிரி.

'உன்ர அம்மான்ர நெஞ்சில இருந்து வந்தது. ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்களில ஒரு சாதி. புழு பூச்சி உடம்புக்குள்ள வந்தா சண்டை பிடிக்கிறதுக்கெண்டே இருக்கிற ஆக்கள். அந்தச் சிவப்புத்தான் ஆயுதம்.'

'அம்மாவுக்குப் புழு இல்லீங்களே.'

'இல்லை. அதான் பிரச்சினை.'

அவர் அன்று சொன்னதையும், பின்னாளில் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். மூச்சுக் குழாயின் சுவரிலேயே காவல் அணுக்கள் சில குடியிருக்கின்றன. யாரை எதிரி என்று நினைக்க வேண்டும் என்பதை ஒருமுறை பழகிவிட்டால் மறக்காதவை. அம்மாவின் உடம்பு தேயிலைத் தூசியை எதிரி என்று பழகிவிட்டது. தூசி பட்டதும் அந்தக் காவலாட்கள் வெடித்துக் கையிலிருக்கும் வெடிமருந்தையெல்லாம் கொட்டுகிறார்கள். தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, அதோடு ஆள் அனுப்புங்கள் என்று ரத்தத்துக்குள் கூப்பாடு போகிறது. சிவப்புப் பொடி சுமந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். வந்தவர்களுக்கு அடிக்கப் புழு இல்லை. வந்த கைக்குச் சும்மா போகத் தெரியாது. ஆயுதத்தை அங்கேயே கொட்டுகிறார்கள். குழாயின் உள்தோல் வெந்து உரிகிறது. உரிந்த தோலும் செத்த அணுக்களும் சளியும் சேர்ந்து இறுகி வேராகிறது. புண்ணான சுவருக்குப் பிறகு தூசி என்ன, புகை, குளிர்காற்று எல்லாமே எதிரிதான். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காட்டினார் அந்த டாக்டர்.

வெள்ளைக் குளிசை அந்தக் கூட்டத்தைக் கட்டிப்போட்டிருந்தது. உடம்பு தானாகவே சுரக்கும் ஒரு சாறும் அதே வேலையைத்தான் செய்யுமாம். ஆனால் குளிசை வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்ததால் உடம்பு அதைச் சுரக்க மறந்துவிட்டது. குளிசையைத் திடீரென்று நிறுத்தியதும் வெளிக்காவலும் இல்லை, உள்காவலும் இல்லை. கட்டவிழ்த்த கூட்டம் விரத நாட்கள் முழுவதும் அம்மாவின் நெஞ்சுக்குள் கொள்ளையடித்தது. நாங்கள் வெளியே நின்று தப்படித்தோம்.

மாமா அந்தக் கருவிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். வௌவாலைக் கொன்ற கை, குரங்கைக் கொன்ற கை, ஆணியைப் பிடித்த கை. அதை விரித்துப் பார்த்தார்.

'அப்ப வெளிய இருந்து யாரும் வரல' என்றார்.

'இல்லை ஐயா.'

'அப்ப நான் இனி யாரப் போட்டு அடிக்கிறது?'

எனக்கும் அதே கேள்விதான். பேயாக இருந்தால் சபிக்கலாம். பூசாரியாக இருந்தால் உதைக்கலாம். அம்மாவைக் கொல்ல வந்தது அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்ட அம்மாவே என்றால், இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. கொட்ட இடமில்லாமல் மாமா சுவரில் குத்தினார். முட்டி உடைந்து அதே வார்டில் கட்டுப்போட்டார்கள்.

அம்மா பேசுவதற்குச் சில நாட்கள் ஆயின. மறுபடி குளிசை தொடங்கியிருந்தார்கள். அன்று காலையில் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கஞ்சிக் கோப்பையோடு போனேன். சாட்டை பட்ட கையைப் போர்வைக்கு மேலே எடுத்து வைத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'காப்பு எங்கடி?'

'அறுத்துட்டேன்.'

'யாரு?'

'நான்தான். பல்லால.'

அறை விழுந்தது. சாதாரண அறை இல்லை, கஞ்சிக் கோப்பை பறந்துபோய்ப் பக்கத்துக் கட்டிலில் விழும் அளவுக்கு ஓர் அறை. அதுவும் ஏற்கனவே மாமா அறைந்த பக்கம்.

'மூச்சுக் குடுத்தவளுக்குச் செஞ்ச நேர்த்திடி அது. அவ காப்பையா அறுத்த? இனி எந்த மூஞ்சியோட நான் அந்தக் கோயில் படி ஏறுவேன்? திருவிழாவக் கெடுத்து, என்னைத் தோட்டத்து எல்லை தாண்டிக் கொண்டாந்து, தீட்டுல படுக்க வெச்சு, ஊரே காறித் துப்புமேடி.'

துப்பத்தான் துப்பியது. மூன்று திருவிழாவுக்கு எங்களைக் கோயில் படியேற விடவில்லை. அது அப்புறம் நடந்த கதை. அந்த நேரத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

'மூச்சுக் குடுத்தது அவ இல்ல. குளுசை.'

மறு கன்னத்தில் இன்னொன்று விழுந்தது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா அவளையும் உதறிவிட்டு என்னைத் திட்டினாள், என்னைப் பெற்ற வயிற்றைத் திட்டினாள், என்னைக் கட்டப் போகிறவனுக்கு முன்கூட்டியே இரங்கினாள். நிறுத்தாமல், ஒரே மூச்சில், எங்கேயும் பிடித்துக்கொள்ளாமல் திட்டினாள். இரண்டு கன்னமும் எரிய எரிய நான் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறவில்லை. அத்தனை அடித்தும் அத்தனை திட்டியும் அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை.